விஎம்-க்குள் அழித்த ஃபைல்களின் இடம் ஹோஸ்ட்டுக்குத் திரும்பவில்லை: உள்ளே 31 ஜிபி, வெளியே 108 ஜிபி

தறிநூல் (கேள்வி):

ஹோஸ்ட் (விஎம் எனும் மெய்நிகர் கணினியை ஓட்டும் மெஷின்) உபுண்டு 22.04, 512 ஜிபி எஸ்எஸ்டி, எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். கேவிஎம் (லினக்ஸின் விஎம் வசதி), விர்ட்-மேனேஜர் வழியாக. கெஸ்ட்டும் (விஎம்-க்குள் ஓடும் சிஸ்டம்) உபுண்டு 22.04. டிஸ்க் க்யூகவ்2 (கெஸ்ட்டின் டிஸ்க்காக ஹோஸ்ட்டில் இருக்கும் ஃபைல்), மெய்நிகர் அளவு 120 ஜிபி, பஸ் விர்ட்ஐஓ (விஎம்-க்கான டிஸ்க் இணைப்பு வகை). என்க்ரிப்ஷன் எதுவும் இல்லை.

கெஸ்ட்டுக்குள் பழைய டாக்கர் இமேஜ், பில்ட் குப்பை, டேட்டாபேஸ் டம்ப் எல்லாம் அழித்தாயிற்று. உள்ளே டிஎஃப் (ஃபைல் சிஸ்டத்தின் இடக் கணக்கு) போட்டால் 31 ஜிபிதான் செலவு என்கிறது. ஹோஸ்ட்டில் டியூ (ஒரு ஃபைல் பிடித்திருக்கும் இடம்) போட்டால் அதே க்யூகவ்2 ஃபைல் 108 ஜிபி. ஹோஸ்ட்டில் மிச்சம் இருப்பது 9 ஜிபி.

தேடிய இடமெல்லாம் "டிடி வைத்து காலி இடத்தில் பூஜ்யம் நிரப்பு, பிறகு க்யூஎமு-இமேஜ் கன்வர்ட் போடு" என்றே இருக்கிறது. 9 ஜிபியை வைத்துக்கொண்டு அதைச் செய்யலாமா? விஎம் ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேர நிலையின் பதிவு) ஒன்றும் இருக்கிறது, விர்ட்-மேனேஜரிலேயே எடுத்தது. அது இனித் தேவையில்லை.

கருங்காலி:

முதலில் அந்த டிடி கட்டளையைத் தொடாதீர்கள். உங்கள் நிலைமையில் அதுதான் மிக மோசமான வழி. ஏன் என்று கீழே.

இடம் திரும்பாததற்குக் காரணம் எளிது. கெஸ்ட்டில் ஃபைலை அழித்தால் எக்ஸ்ட்4 தன் பிட்மேப்பில் "இந்த பிளாக் காலி" என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். டிஸ்க்கில் இருந்த பைட்டுகள் அப்படியே கிடக்கின்றன. குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டு, சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்காமலே போன கதை. வீட்டுக்காரரைப் பொறுத்தவரை வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறது. சாவியைத் திருப்பிக் கொடுக்கும் வேலைக்குப் பெயர்தான் டிஸ்கார்ட் (எஸ்எஸ்டிக்காரர்கள் ட்ரிம் என்பதும் இதையே). கெஸ்ட் அனுப்பும் டிஸ்கார்டை க்யூஎமு (ஹோஸ்ட்டில் விஎம்-ஐ ஓட்டும் ப்ரோக்ராம்) மதித்தால், ஹோஸ்ட் ஃபைலில் அந்த இடத்தில் ஓட்டை போட்டு பிளாக்குகளை விடுவிக்கும். இயல்பு அமைப்பில் மதிக்காது, வாங்கி ஓரமாகப் போட்டுவிடும்.

இப்போது டிடி ஏன் ஆபத்து என்பது. க்யூகவ்2 64 கேபி கிளஸ்டர்களாக இடம் பிடிக்கிறது. ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் அப்போதிருந்த கிளஸ்டர்கள் எல்லாம் ஸ்னாப்ஷாட்டுக்கும் இப்போதைய டிஸ்க்குக்கும் பொதுச் சொத்தாகிவிடும். அதன்மேல் எதை எழுதினாலும், பூஜ்யமே ஆனாலும், பழையது அப்படியே இருக்கும், புதியதற்குத் தனியாக ஒரு கிளஸ்டர் ஒதுக்கப்படும். ஆக, காலி இடம் முழுக்கப் பூஜ்யம் எழுதினால் ஃபைல் 120 ஜிபியோடு நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 9 ஜிபி தீர்ந்ததும் ஹோஸ்ட் நிரம்பும், க்யூஎமு விஎம்-ஐ அப்படியே நிறுத்திவைத்துவிடும். அப்படி ஆனாலும் பதற வேண்டாம்: ஹோஸ்ட்டில் கொஞ்சம் இடம் பண்ணிவிட்டு விர்ஷ் (விஎம்-களை நிர்வகிக்கும் கட்டளை) ரெஸ்யூம் கொடுத்தால், நின்ற எழுத்தையே மீண்டும் முயன்று தொடரும். ஆனால் அதே ஹோஸ்ட்டில் ஓடும் மற்றதெல்லாம் இடமின்றித் தடுமாறும்.

செய்ய வேண்டியது இது. கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, ஸ்னாப்ஷாட். விஎம்-ஐ முழுசாக ஷட் டவுன் செய்துவிட்டு விர்ஷ் ஸ்னாப்ஷாட்-லிஸ்ட், பிறகு பெயரைப் பார்த்து விர்ஷ் ஸ்னாப்ஷாட்-டெலீட். ஓடும்போது எடுத்தது என்கிறீர்கள், அப்படியானால் அதற்குள் ரேமின் நகலும் உட்கார்ந்திருக்கும். 8 ஜிபி ரேம் கொடுத்த விஎம் என்றால் அதில் கணிசமான பங்கு அந்த க்யூகவ்2-க்குள்தான். இதை எடுக்காமல் மற்றவற்றைச் செய்தால், ஸ்னாப்ஷாட் பிடித்துவைத்த கிளஸ்டர் ஒன்றுகூட விடுபடாது.

இரண்டு, விஎம் அணைந்திருக்கும்போதே விர்ஷ் எடிட். அந்த டிஸ்க்கின் பகுதியில் டிரைவர் என்று தொடங்கும் வரியில் நேம், டைப் இரண்டும் இருக்கும். அதோடு டிஸ்கார்ட்='அன்மேப்' என்று சேருங்கள். எக்ஸ்எம்எல்லில் கை வைக்கத் தயக்கம் என்றால் விர்ட்-மேனேஜரில் அந்த டிஸ்க்கைத் தேர்ந்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் டிஸ்கார்ட் மோடை அன்மேப் ஆக்கினால் அதே பலன்.

மூன்று, விஎம்-ஐக் கிளப்பி உள்ளே சூடோ எஃப்எஸ்ட்ரிம் -ஏ -வி. மவுன்ட் ஆன ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்திலும் எவ்வளவு ட்ரிம் ஆனது என்று சொல்லும்.

நான்கு, ஹோஸ்ட்டில் டியூ -எச். எல்எஸ் -எல் பார்த்து ஏமாறாதீர்கள். எல்எஸ் காட்டுவது ஃபைலின் நீளம். நடுவில் ஓட்டை விழுந்தால் நீளம் குறையாது, பிடித்திருக்கும் பிளாக்குகள்தான் குறையும். எல்எஸ் -எல்எஸ்எச் போட்டால் முதல் நெடுவரிசையில் உண்மையான செலவும், பின்னால் நீளமும் அடுத்தடுத்துத் தெரியும்.

விர்ட்ஐஓ பிளாக் டிஸ்க்கில் டிஸ்கார்ட் வேலை செய்ய க்யூஎமு 4.0-ம் கெஸ்ட்டில் லினக்ஸ் கெர்னல் 5.0-ம் வேண்டும். உபுண்டு 22.04 இரண்டையும் தாண்டிவிட்டது, கவலை இல்லை. பழைய சென்டாஸ் 7 மாதிரி கெஸ்ட் என்றால் டிஸ்க்கை விர்ட்ஐஓ-ஸ்கசி கன்ட்ரோலருக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

பொட்டிக்கடை:

இவ்வளவு சுற்று எதற்கு? உள்ளே 31 ஜிபிதானே. க்யூஎமு-இமேஜ் ரீசைஸ் --ஷ்ரிங்க் போட்டு டிஸ்க்கையே 45 ஜிபி ஆக்கிவிட்டால் போயிற்று.

மின்மினி77:

பொட்டிக்கடை, தயவுசெய்து இதை யாரும் அப்படியே செய்துவிடக் கூடாது. ஷ்ரிங்க் என்பது மெய்நிகர் டிஸ்க்கின் வாலை வெட்டும் வேலை. பார்ட்டிஷன் 120 ஜிபி வரை நீண்டிருக்கிறது. 31 ஜிபி டேட்டா என்றால் அது முதல் 31 ஜிபியில் அடுக்கிவைத்த மாதிரி இருக்காது, எக்ஸ்ட்4 அதை டிஸ்க் முழுக்கப் பரப்பியிருக்கும். 45-க்கு அப்பால் இருப்பதெல்லாம் போய்விடும், ஜிபிடி பார்ட்டிஷன் டேபிளின் கடைசி நகலும் சேர்த்து. வெட்டுவதற்கு முன் ஃபைல் சிஸ்டத்தை ரீசைஸ்2எஃப்எஸ்-ஆல் சுருக்கி, பார்ட்டிஷனைச் சுருக்கி, கொஞ்சம் இடைவெளி விட்டு வெட்ட வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் இந்த வழியே கிடையாது, அதைச் சுருக்க முடியாது.

அதைவிட முக்கியம், இவர் கேட்டது அது இல்லை. மெய்நிகர் அளவு 120 ஆகவே இருக்கட்டும், அதற்கு ஹோஸ்ட்டில் செலவு எதுவும் இல்லை. பிடித்துவைத்த இடம்தான் பிரச்சினை.

பொட்டிக்கடை:

சரி, வாபஸ். பார்ட்டிஷனை யோசிக்கவில்லை.

தறிநூல்:

கருங்காலி அண்ணா, ஸ்னாப்ஷாட்டை அழித்தேன், எக்ஸ்எம்எல்லில் அன்மேப் சேர்த்தேன். ஆனால் அவசரத்தில் எடிட் செய்தபோது விஎம் மீண்டும் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் பிறகு உள்ளேயிருந்து ரீபூட் கொடுத்தேன். எல்எஸ்பிஎல்கே -டி (பெரிய டி) போட்டால் டிஸ்க்-கிரான் 512பி, டிஸ்க்-மேக்ஸ் 2ஜி என்று காட்டுகிறது, அதாவது டிஸ்கார்ட் இருக்கிறது. எஃப்எஸ்ட்ரிம் ஓட்டினால் "83.6 ஜிபி ட்ரிம் ஆனது" என்கிறது. ஹோஸ்ட்டில் டியூ பார்த்தால் 101 ஜிபி. ஸ்னாப்ஷாட் போனதில் குறைந்த 7 ஜிபி மட்டும்தான். 83 எங்கே போயிற்று?

கருங்காலி:

எங்கும் போகவில்லை, க்யூஎமு அதைக் காதில் வாங்கவே இல்லை.

உள்ளேயிருந்து ரீபூட் செய்தால் ஹோஸ்ட்டில் ஓடும் க்யூஎமு ப்ராசஸ் அதே ப்ராசஸ்தான். அது எந்த அமைப்போடு கிளம்பியதோ அதே அமைப்பு. எக்ஸ்எம்எல் மாற்றம் அடுத்த தடவை புதிதாகக் கிளம்பும்போதுதான் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் ஒருமுறை, அதையே --இன்ஆக்டிவ் சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதலாவதில் அன்மேப் இருக்காது, இரண்டாவதில் இருக்கும்.

இதில் நிறைய பேர் ஏமாறுவது எல்எஸ்பிஎல்கே காட்டும் எண்ணைப் பார்த்துத்தான். விர்ட்ஐஓ பிளாக் டிஸ்க் "எனக்கு டிஸ்கார்ட் தெரியும்" என்று கெஸ்ட்டிடம் எப்போதும் சொல்லும். ஹோஸ்ட் பக்கம் அது இக்னோரில் இருந்தாலும் அப்படியே சொல்லும். கெஸ்ட் அனுப்பும், க்யூஎமு "சரி, ஆயிற்று" என்று பதில் கொடுத்துவிட்டு ஒன்றும் செய்யாது. எஃப்எஸ்ட்ரிம் சொல்லும் 83.6 என்பது கெஸ்ட் அனுப்பிய கணக்கு, ஹோஸ்ட் விடுவித்த கணக்கு இல்லை. எல்எஸ்பிஎல்கே-யில் பூஜ்யம் வந்தால் வேலை செய்யாது என்பது உறுதி. பூஜ்யம் இல்லாவிட்டால் வேலை செய்யும் என்பது உறுதியில்லை.

முழு ஷட் டவுன், விர்ஷ் லிஸ்ட்டில் பெயர் மறைந்ததா என்று பாருங்கள், பிறகு ஸ்டார்ட். அதற்குப் பிறகு எஃப்எஸ்ட்ரிம்.

இன்னொரு சின்ன விஷயம்: எக்ஸ்ட்4 எந்த பிளாக் குரூப்பை ஏற்கெனவே ட்ரிம் செய்தது என்று நினைவில் வைத்துக்கொள்ளும், அன்மவுன்ட் ஆகும்வரை. அதனால் இரண்டாம் தடவை ஓட்டினால் 0 என்றோ சில எம்பி என்றோ காட்டும். அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். ரீபூட்டுக்குப் பின் முதல் தடவை மீண்டும் பெரிய எண் வரும், அதற்காக அவ்வளவு இடம் புதிதாகத் திரும்பியது என்றும் நினைக்க வேண்டாம்.

தறிநூல்:

அதேதான். முழுசாக அணைத்துக் கிளப்பியதும் எஃப்எஸ்ட்ரிம் முடிவதற்குள் ஹோஸ்ட்டில் டியூ இறங்க ஆரம்பித்துவிட்டது. இப்போது 38 ஜிபி. உள்ளே 31, வெளியே 38. அந்த 7 ஜிபி?

மின்மினி77:

பல இடங்களில் சிதறியிருக்கும். ஸ்வாப் பார்ட்டிஷன் (ரேம் போதாதபோது எழுதும் இடம்) இருந்தால் அதை எஃப்எஸ்ட்ரிம் தொடாது, ஒருகாலத்தில் எழுதிய ஸ்வாப் பக்கங்கள் அப்படியே நிற்கும். எக்ஸ்ட்4-இன் ஜர்னலும் ஐநோட் டேபிள்களும் டிஎஃப்-இன் செலவுக் கணக்கில் வராது, ஆனால் இடம் பிடிக்கும். 64 கேபி கிளஸ்டருக்குள் 4 கேபி உயிரோடு இருந்தால் முழுக் கிளஸ்டரும் நிற்கும். கடைசியாக, ஸ்னாப்ஷாட் அழித்தபோது க்யூகவ்2 தன் கணக்கில் விடுவித்த கிளஸ்டர்கள் எல்லாமே ஹோஸ்ட்டில் ஓட்டையாகியிருக்கும் என்று சொல்ல முடியாது. அப்படி மிஞ்சியவற்றை எஃப்எஸ்ட்ரிம்மும் எடுக்காது, க்யூகவ்2 பார்வையில் அவை ஏற்கெனவே காலி. புது எழுத்துகளுக்கு அவையே மறுபயன்பாடு ஆகும், வீண் இல்லை.

அதுவும் வேண்டும் என்றால் இப்போது இடம் இருக்கிறது, கன்வர்ட் போடலாம். விஎம் அணைந்திருக்க வேண்டும். க்யூஎமு-இமேஜ் கன்வர்ட் -பி -ஓ (பெரிய ஓ) க்யூகவ்2, பழையது, புதியது. முடிந்ததும் க்யூஎமு-இமேஜ் கம்பேர் பழையது புதியது. இரண்டும் ஒன்றே என்று வந்தால் மட்டும் பழையதை நகர்த்திவிட்டு அதே பெயரைப் புதியதற்கு வையுங்கள். பெயரும் இடமும் மாறாமல் இருந்தால் எக்ஸ்எம்எல்லைத் தொட வேண்டாம். ஃபெடோரா ஹோஸ்ட் என்றால் ரீஸ்டோர்கான் மறக்கக் கூடாது, எஸ்இலினக்ஸ் (ஃபைல் அணுகல் பாதுகாப்பு) லேபிள் தவறினால் விஎம் கிளம்பாமல் போகலாம். ஒரு எச்சரிக்கை: கன்வர்ட் இப்போதைய நிலையை மட்டும் நகலெடுக்கும், உள் ஸ்னாப்ஷாட்டுகள் புதிய ஃபைலில் இருக்காது. விஎம் ஓடும்போது அதே ஃபைலில் க்யூஎமு-இமேஜ் எழுதும் எதையும் செய்யவே கூடாது.

7 ஜிபிக்காக நான் இதைச் செய்ய மாட்டேன்.

கருங்காலி:

நானும் மாட்டேன். அதைவிட, விஎம் கிளம்பாத நிலையில், அல்லது ஐந்தாறு விஎம்-களை ஒரே மூச்சில் சுருக்க வேண்டிய நிலையில், விர்ட்-ஸ்பார்சிஃபை --இன்-பிளேஸ் நல்லது. லிப்கெஸ்ட்எஃப்எஸ்-டூல்ஸ் பேக்கேஜில் வரும். உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டங்களைத் தானே மவுன்ட் செய்து ட்ரிம் செய்யும், ஸ்வாப்பையும் காலி செய்யும். --இன்-பிளேஸ் இல்லாமல் ஓட்டினால் தற்காலிக நகல் எடுக்கும், அதற்கு இடம் வேண்டும். ஹோஸ்ட் நிரம்பிய நேரத்தில் அது உதவாது. உபுண்டுவில் சூடோ இல்லாமல் ஓட்டினால் கெர்னல் ஃபைலைப் படிக்க முடியாமல் தோற்கும், அங்கே பூட் கோப்புறையில் உள்ள கெர்னலை ரூட் மட்டும்தான் படிக்கலாம். இதையும் விஎம் ஓடும்போது ஓட்டக் கூடாது, டிஸ்க் கெட்டுப்போகும்.

இனி இது மீண்டும் ஊதாமல் இருக்க நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உபுண்டு கெஸ்ட்டில் எஃப்எஸ்ட்ரிம் டைமர் வாரம் ஒருமுறை தானாக ஓடும். சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போட்டு அது ஏனேபிள் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எஃப்எஸ்டேபில் டிஸ்கார்ட் மவுன்ட் ஆப்ஷன் போடச் சொல்லி யாராவது சொல்வார்கள். ஒவ்வொரு ஃபைல் அழிக்கும்போதும் ட்ரிம் போகும், சின்னச் சின்ன ஃபைல்களை நிறைய அழிக்கும் பில்ட் மெஷினில் அது இழுக்கும். வாரம் ஒருமுறை போதும்.

வடக்குவாசல்:

இதே தலைப்பில் கேட்கிறேன், மன்னிக்கவும். ஹோஸ்ட் விண்டோஸ் 11, விர்ச்சுவல்பாக்ஸ், கெஸ்ட் விண்டோஸ் 10, டிஸ்க் விடிஐ (விர்ச்சுவல்பாக்ஸின் டிஸ்க் ஃபைல்), டைனமிக். விபாக்ஸ்மேனேஜ் மாடிஃபைமீடியம் --காம்பாக்ட் ஓட்டினால் 100% வரை போகிறது, பிழை இல்லை, ஆனால் 74 ஜிபி ஃபைல் 73.8 ஆகிறது. உள்ளே 30 ஜிபி காலி.

மின்மினி77:

காம்பாக்ட் பூஜ்யத்தை மட்டும்தான் அடையாளம் காணும். என்டிஎஃப்எஸ் எது காலி என்பது அதற்குத் தெரியாது. விடிஐ-யின் பிளாக் 1 எம்பி. அந்த 1 எம்பி முழுக்கப் பூஜ்யமாக இருந்தால்தான் அந்த பிளாக்கை எடுக்கும். அழித்த ஃபைல்களின் பழைய பைட்டுகள் கிடக்கும்வரை எதுவும் நடக்காது. உங்களுக்கு இங்கே பூஜ்யம் நிரப்பும் பழைய வழிதான் நேர் வழி.

நிரப்பும் முன் உள்ளே குறைக்க வேண்டியதைக் குறையுங்கள். அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப் கொடுத்தால் ஹைபர்ஃபில் ஃபைல் (ஹைபர்னேட்டுக்காக ஒதுக்கியது) போய்விடும், அது ரேம் அளவைப் பொறுத்துச் சில ஜிபி. டிஐஎஸ்எம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /ஸ்டார்ட்காம்போனன்ட்கிளீனப் பழைய அப்டேட் துண்டுகளை எடுக்கும். சிஸ்டம் ரீஸ்டோர் புள்ளிகளும் இடம் பிடிக்கும், வேண்டாதவற்றை அழியுங்கள்.

பிறகு சிஸ்இன்டர்னல்ஸின் எஸ்டெலீட் -இசட் சி: ஓட்டுங்கள். இசட் தான், சி ஆப்ஷன் இல்லை. -சி என்பது காலி இடத்தைத் துப்புரவாக அழிக்கும் வேலை, பூஜ்யம் இல்லாத பைட்டுகளையும் எழுதும். அதை ஓட்டிவிட்டுக் காம்பாக்ட் போட்டால் ஃபைல் முன்பைவிடப் பெரிதாக இருக்கும்.

எஸ்டெலீட் ஓடும்போது விடிஐ தன் முழு மெய்நிகர் அளவுவரை ஊதலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹோஸ்ட்டில் அந்த வித்தியாசத்துக்கு இடம் இல்லையென்றால் தொடங்காதீர்கள். முடிந்ததும் கெஸ்ட்டை ஷட் டவுன் செய்யுங்கள், சேவ் ஸ்டேட் போதாது. விபாக்ஸ்மேனேஜ் மாடிஃபைமீடியம் டிஸ்க், விடிஐ-யின் முழுப் பாதை, --காம்பாக்ட். இது அதே ஃபைலுக்குள்ளேயே பிளாக்குகளை முன்னால் நகர்த்தி வாலை வெட்டும், தனி இடம் கேட்காது. நடுவில் நிறுத்தவும் கூடாது.

இதெல்லாம் செய்தும் குறையவில்லை என்றால் மூன்று சந்தேகம். ஸ்னாப்ஷாட் இருந்தால் நீங்கள் எழுதிய பூஜ்யங்கள் ஸ்னாப்ஷாட்ஸ் கோப்புறையில் உள்ள டிஃபரன்சிங் ஃபைலுக்குப் போயிருக்கும், மூல விடிஐ அப்படியே இருக்கும். டிஸ்க் உண்மையில் விஎம்டிகே (விஎம்வேரின் டிஸ்க் வடிவம்) என்றால் காம்பாக்ட் அதற்குக் கிடையாது, குளோன்மீடியம் --ஃபார்மேட் விடிஐ வைத்து மாற்ற வேண்டும். மூன்றாவது, கெஸ்ட்டுக்குள் பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன்). என்க்ரிப்ட் ஆன டிரைவில் நீங்கள் எழுதும் பூஜ்யம் டிஸ்க்கை அடையும்போது பூஜ்யமாக இருக்காது. லினக்ஸ் கெஸ்ட்டில் லக்ஸ் (லினக்ஸின் டிஸ்க் என்க்ரிப்ஷன்) வைத்து டிடி ஓட்டினாலும் இதே கதைதான், மணிக்கணக்கில் ஓட்டி ஃபைலை முழு அளவுக்கு ஊதவிட்டு வெறுங்கையோடு நிற்பீர்கள்.

கருங்காலி:

லக்ஸ் பற்றி ஒரு சொல் சேர்க்கிறேன். அங்கே டிஸ்கார்ட் வழிதான் சரி, ஆனால் டிஎம்-கிரிப்ட் (லக்ஸுக்கு அடியில் வேலை செய்யும் கெர்னல் பகுதி) இயல்பில் டிஸ்கார்டைக் கீழே விடாது. கெஸ்ட்டின் கிரிப்ட்டேபில் அந்த வரியில் டிஸ்கார்ட் என்று சேர்த்து, ரூட் டிஸ்க் என்றால் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ-வும் ஓட்டி, ரீபூட் செய்தால் விடும். விலை என்னவென்றால், எந்த பிளாக் காலி, எது பயன்பாட்டில் என்ற வரைபடம் ஹோஸ்ட் ஃபைலைப் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். உள்ளடக்கம் தெரியாது. உங்கள் சொந்த லேப்டாப் என்றால் இது பெரிய விஷயமில்லை, வேறொருவர் ஹோஸ்ட்டில் இருந்தால் யோசிக்கலாம்.

வடக்குவாசல்:

ஸ்னாப்ஷாட்தான்! ஸ்னாப்ஷாட்ஸ் கோப்புறையில் 22 ஜிபி ஒன்று. அதை மெர்ஜ் செய்துவிட்டு எஸ்டெலீட்டிலிருந்து மீண்டும் தொடங்குகிறேன். டபிள்யூஎஸ்எல்2-க்கும் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) இதே வழியா? என் எக்ஸ்ட்4 விஎச்டிஎக்ஸ் ஃபைலும் 60 ஜிபி தாண்டிவிட்டது.

பொட்டிக்கடை:

இது எனக்குத் தெரியும், இந்தத் தடவை தப்பு இல்லை. :)

டாக்கர் டெஸ்க்டாப் ஓடினால் முதலில் குவிட். பிறகு டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன். அட்மினாக டிஸ்க்பார்ட் திறந்து: செலக்ட் விடிஸ்க் ஃபைல்= என்று விஎச்டிஎக்ஸ்-இன் முழுப் பாதை, அட்டாச் விடிஸ்க் ரீட்ஒன்லி, காம்பாக்ட் விடிஸ்க், டிட்டாச் விடிஸ்க். பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோள்குறி போட வேண்டும். ப்ரோ பதிப்பில் ஹைப்பர்-வி இருந்தால் பவர்ஷெல்லில் ஆப்டிமைஸ்-விஎச்டி -மோட் ஃபுல் அதே வேலையைச் செய்யும், ஹோம் பதிப்பில் அந்தக் கட்டளை இருக்காது. ஷட் டவுன் செய்வதற்கு முன் லினக்ஸுக்குள் சூடோ எஃப்எஸ்ட்ரிம் -ஏ ஓட்டிவிட்டால் நன்றாகக் குறையும்.

டாக்கர் டெஸ்க்டாப்பின் இமேஜ்கள் இருப்பது உபுண்டுவின் விஎச்டிஎக்ஸ்-இல் இல்லை, அதற்குத் தனி விஎச்டிஎக்ஸ். டாக்கர் சிஸ்டம் ப்ரூன் ஓட்டிவிட்டு உபுண்டு ஃபைலைச் சுருக்கிப் பயனில்லை. ப்ரூனோடு --வால்யூம்ஸ் சேர்ப்பதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள், டேட்டாபேஸ் கன்டெய்னரின் டேட்டா அங்கேதான் இருக்கும்.

டபிள்யூஎஸ்எல் --மேனேஜ், --செட்-ஸ்பார்ஸ் ட்ரூ என்று ஒன்று வந்தது, தானாகச் சுருங்கும் என்று. டேட்டா கெடும் வாய்ப்பு இருப்பதாகச் சொல்லி அண்மைப் பதிப்புகளில் அதையே பூட்டிவைத்திருக்கிறார்கள், --அலவ்-அன்சேஃப் கொடுத்தால்தான் விடும். பெயரே சொல்கிறதே, நான் தொடமாட்டேன்.

மின்மினி77:

நல்ல பதில். ப்ராக்ஸ்மாக்ஸ் (விஎம் ஓட்டும் சர்வர் சிஸ்டம்) வைத்திருப்பவர்கள் படித்தால்: டிஸ்க்கின் அமைப்பில் டிஸ்கார்ட் டிக், கன்ட்ரோலர் விர்ட்ஐஓ ஸ்கசி, விஎம்-ஐ உள்ளிருந்து ரீபூட் செய்யாமல் முழுசாக அணைத்துக் கிளப்புவது, பிறகு எஃப்எஸ்ட்ரிம். எல்விஎம்-தின் (தேவைக்கேற்ப இடம் ஒதுக்கும் பூல்) என்றால் டியூ உதவாது, எல்விஎஸ் போட்டு டேட்டா சதவீதத்தைப் பார்க்க வேண்டும். அந்த பூலை 100% தொடவிடாதீர்கள். அதில் இருக்கும் எல்லா விஎம்-களும் ஒரே நேரத்தில் எழுத முடியாமல் நிற்கும், ஒவ்வொன்றிலும் ஃபைல் சிஸ்டம் சரிபார்க்கும் வேலை வரும்.

தறிநூல்:

கடைசியாக ஒன்று. இந்த 38 ஜிபி க்யூகவ்2-ஐ பேக்கப்புக்காக வெளி யூஎஸ்பி டிஸ்க்கில் நகலெடுத்தேன். டிஸ்க் எக்ஸ்ஃபேட். அங்கே 100 ஜிபிக்கு மேல் பிடித்துவிட்டது. திரும்பவும் அதே கதையா?

கருங்காலி:

எக்ஸ்ஃபேட்டில் ஓட்டை உள்ள ஃபைல் என்ற ஏற்பாடே கிடையாது. நீளம் எவ்வளவோ அவ்வளவும் பூஜ்யத்தால் நிரப்பி எழுதும். எஸ்சிபி வழியாக வேறு மெஷினுக்கு அனுப்பினாலும் இப்படித்தான் ஊதும். எக்ஸ்ட்4-க்கும் எக்ஸ்எஃப்எஸ்-க்கும் இடையே சிபி ஓட்டையைத் தானாகக் கண்டுகொள்ளும், ஆர்சிங்க் என்றால் --ஸ்பார்ஸ் நீங்கள் சேர்க்க வேண்டும், டாரில் பெரிய எஸ்.

யூஎஸ்பியில் ஏறிய நகலை அழித்துவிடுங்கள். விஎம்-ஐ அணைத்து, மின்மினி சொன்ன அதே கன்வர்ட் கட்டளையில் புதிய ஃபைலின் பாதையாக யூஎஸ்பியைக் கொடுங்கள். க்யூகவ்2-ஐப் புதிதாக எழுதும்போது ஓட்டைகளே இருக்காது, நீளமும் செலவும் கிட்டத்தட்ட ஒன்றாகும். பேக்கப்புக்கு மட்டும்தான் என்றால் -சி சேருங்கள், கிளஸ்டர்களைச் சுருக்கி எழுதும். நேரம் கூடும், ஆனால் டாக்கர் லேயர்களும் லாகும் நிறைந்த டிஸ்க் என்றால் 38-ஐவிட நன்றாகக் குறையும். ஃபேட்32 டிஸ்க் என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது, அதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தறிநூல்:

-சி போட்டு 19 ஜிபி. க்யூஎமு-இமேஜ் கம்பேர் இரண்டும் ஒன்றே என்கிறது. ஹோஸ்ட்டில் இப்போது 79 ஜிபி காலி.